பூட்டினேன், இழுத்துப் பார்க்கவில்லை

2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. திருப்பூரில் நான் சர்வர் பார்த்துக்கொடுக்கும் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து அக்கவுண்டன்ட் அண்ணன் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, பேக்கிங் லிஸ்ட்டு ஓப்பனே ஆக மாட்டேங்குது. நைட்டு கன்டெய்னர் கெளம்போணும். நெட்டுங்களா, சர்வருங்களா?"

"பாத்துச் சொல்றேண்ணா" என்று இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழையும் வழி) உள்ளே போவதற்கே அரை நிமிடம் ஆனது. எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் 'டாப்' போட்டுப் பார்த்தால், நாலு கோர் உள்ள மெஷினில் (கோருக்கு நூறு என்று கணக்கு) ஒரே ஒரு ப்ராசஸ் 398 சதவீதம் சிபியுவைத் தின்றுகொண்டிருக்கிறது. பெயர் 'கேஸ்வாப்டி0'.

லினக்ஸ் பழகியவர்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்தால் சந்தேகமே வராது. மெமரி பற்றாமல் போகும்போது மெமரிப் பக்கங்களை ஒதுக்கித் தள்ளுகிற, லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்த வேலையாள் அது. 'ரேம் பத்தலண்ணா, கூட்டிரலாம்' என்று டைப் அடித்தேவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால்தான் பக்கத்துப் பத்தியில் கண் போனது. அந்த ப்ராசஸை ஓட்டிக்கொண்டிருந்த யூசர், எல்லா உரிமையும் உள்ள ரூட் இல்லை. 'எஃப்டிபியூசர்'. கெர்னலின் வேலையாள் ஒரு சாதா யூசர் பெயரில் ஓட வழியே இல்லை. மெசேஜை அழித்தேன்.

அந்த யூசரின் ஹோம் டைரக்டரியில், புள்ளியில் தொடங்குகிற, கண்ணுக்குத் தெரியாத 'கான்ஃபிக்ஆர்சி' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே கிரிப்டோ மைனர், அதாவது நம் சிபியுவில் யாருக்கோ டிஜிட்டல் காசு தோண்டும் நிரல். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான்டேபில் நாலைந்து வரிகள். எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இருந்த அனுமதிக்கப்பட்ட கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உள்ளே விடும் டிஜிட்டல் சாவி) பட்டியலை உள்ளே வந்தவன் துடைத்துவிட்டு, தன் கீயை மட்டும் எழுதி வைத்திருந்தான். அந்தக் கீயின் கடைசியில் இருந்த குறிப்பு, ஒரு ஆங்கிலக் கெட்ட வார்த்தையின் உயிரெழுத்துகளை உதிர்த்த சுருக்கம். தேடிப் பார்த்ததில், ஆய்வாளர்கள் 'அவுட்லா' என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பழைய பாட்நெட் (கைப்பற்றிய மெஷின்களின் படை) கூட்டத்தின் முத்திரை அது என்று தெரிந்தது. அதாவது, யாரும் இந்தக் கம்பெனியைக் குறிவைத்து வரவில்லை. தெருவில் போகிற ஒரு ஸ்கிரிப்ட் எல்லா வீட்டுக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது, இந்தக் கதவு திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி லாகின் பதிவில் இருந்தது. புதன்கிழமை அதிகாலை 2:17க்கு ஒரு வரி: 'அக்செப்டட் பாஸ்வேர்ட் ஃபார் எஃப்டிபியூசர்'.

பாஸ்வேர்டா? 2022 ஜூனில் இந்த மெஷினை உபுண்டு 22.04 போட்டு எடுத்துக்கொடுத்த அன்றே பாஸ்வேர்ட் லாகினை மூடிவிட்டேனே! கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் என் கையாலேயே எழுதியது அப்படியே இருக்கிறது: 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ'. பதினோரு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. சர்வர்தான் அதைச் சட்டை செய்யவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. உபுண்டு 20.04இலிருந்து, எஸ்எஸ்எச் சர்வரின் முக்கிய கான்ஃபிக் ஃபைலில் மேலேயே ஓர் 'இன்க்ளூட்' வரி உண்டு. பக்கத்தில் உள்ள ஒரு ஃபோல்டரின் ஃபைல்களை எல்லாம் அங்கேயே இழுத்துக்கொள்ளும். கிளவுடில் மெஷின் எடுத்தால், முதல் தடவை பூட் ஆகும்போது மெஷினைத் தயார்செய்யும் கிளவுட்-இனிட் என்ற நிரல் அந்த ஃபோல்டரில் '50-கிளவுட்-இனிட்' என்று ஒரு ஃபைலைப் போட்டுவைக்கலாம். இந்த மெஷினில் போட்டிருந்தது. அதில் ஒரே ஒரு வரி: 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் எஸ்'. ஓப்பன்எஸ்எஸ்எச் (இந்த எஸ்எஸ்எச் சர்வர் நிரலின் பெயர்) ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் பார்த்தால் முதலில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. என் 'நோ' ஃபைலின் கடைசியில். அவர்களுடைய 'எஸ்' ஃபைலின் தலையில். எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது.

அன்றைக்கு நான் செய்த சோதனை என்ன தெரியுமா? சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். என் கீயை வைத்து லாகின் ஆனேன். உள்ளே போனது. 'ஆச்சு' என்று மூடிவைத்தேன். கீ வேலை செய்கிறது என்பதற்கும் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் அப்பா ஊருக்குக் கிளம்பும்போது பூட்டைப் போட்டுவிட்டு மூன்று தடவை தொங்கி இழுத்துப் பார்ப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று சின்ன வயதில் எரிச்சலாக வரும். நான் சாவியை மட்டும் திருகிப் பார்த்துவிட்டு வந்தவன்.

பதினோரு மாதம் ஒன்றும் நடக்காததற்கும் காரணம் உண்டு. அதுவரை அந்த மெஷினில் பாஸ்வேர்ட் வைத்த யூசரே கிடையாது. எல்லாருக்கும் கீ மட்டும்தான், பாஸ்வேர்ட் லாக் செய்யப்பட்டிருந்தது. கதவு திறந்திருந்தும் உள்ளே போக ஆள் பெயர் இல்லை. சம்பவத்துக்கு ஒன்பது நாள் முன்னால் நான் ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இருந்தேன். மெர்ச்சன்டைசர்கள் பையர் அனுப்பும் டிசைன் ஃபைல்களை ஏற்ற ஒரு அக்கவுண்ட் கேட்டிருக்கிறார்கள். என்னுடன் வேலை பார்க்கும் தம்பி 'எஃப்டிபியூசர்' என்று ஒன்றைத் திறந்து, அதே பெயரோடு 123 சேர்த்துப் பாஸ்வேர்ட் வைத்துக் கொடுத்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மெஷினில் பாஸ்வேர்ட் கூடாது என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவன் போட்டுப் பார்த்தான், லாகின் ஆனது. ஆகக் கூடாத ஒன்று ஆகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஃபெயில்2பேன் போட்டிருந்தேனே என்று அன்று எனக்கே ஒரு நியாயம் தோன்றியது. பத்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை தப்பாக அடித்தால் அந்த ஐபியைப் பத்து நிமிடம் தடுக்கும். அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. உள்ளே வந்த ஐபி மொத்தமே இரண்டு தடவைதான் முயன்றிருந்தது. முதல் தடவை தப்பு, இரண்டாவது சரி. பாட்நெட்டில் ஆயிரக்கணக்கான மெஷின்கள். ஆளுக்கு இரண்டு பாஸ்வேர்டாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். நிஜத்தில் அது சிறைவைத்தது, பாஸ்வேர்டை மறந்துபோன மெர்ச்சன்டைசர் ஒருவரையும், அவரோடு ஒரே இன்டர்நெட் லைனில் இருந்த மொத்த ஆபீசையும்தான். ஃபெயில்2பேன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதிவில் இரைச்சல் குறையும். அதைப் பாதுகாப்பு என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

சுத்தம் செய்த கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அவன் போட்ட கீ ஃபைலை அழிக்கப் போனால், ரூட்டாக இருந்தும் 'அனுமதி இல்லை' என்றது. 'சாட்டர்' கட்டளையை வைத்து ஃபைலை மாற்றமுடியாதபடி பூட்டியிருந்தான். முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் அழிக்க முடிந்தது. அந்த யூசருக்கு சுடோ (ரூட்டாகக் கட்டளை ஓட்டும் அனுமதி) இல்லை, எப்படி அந்தப் பூட்டைப் போட்டான்? அதற்கு ரூட் உரிமை வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால் மெஷினையே நம்பவில்லை. புது மெஷின் எடுத்து, பழைய பேக்கப்பிலிருந்து டேட்டாவை மட்டும் ஏற்றினோம். கன்டெய்னர் ஞாயிற்றுக்கிழமை கிளம்பியது. உள்ளே வந்தவன் எதுவரை போனான் என்று தெரியாத மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்வது வீண் வேலை. இதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

புது மெஷினிலும் ஒரு கூத்து நடந்தது. இந்தத் தடவை உஷாராக, என் அமைப்பை அதே ஃபோல்டரில் தனி ஃபைலாகப் போட்டேன். பெயர் '99-' என்று தொடங்கியது. சிஸ்கண்ட்ரோல் (கெர்னல் அமைப்புகள்) மாதிரி மற்ற இடங்களில் கடைசியில் வருவதுதான் ஜெயிக்கும், அந்தப் பழக்க தோஷம். எஸ்எஸ்எச்சில் முதலில் வருவதல்லவா ஜெயிக்கும்? 50 மறுபடியும் 99ஐத் தோற்கடித்தது. இந்தத் தடவை இழுத்துப் பார்த்ததால் இரண்டே நிமிடத்தில் மாட்டியது. இப்போது என் ஃபைல்கள் எல்லாம் '00-' என்றுதான் தொடங்கும்.

எப்படி இழுத்துப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சர்வருக்கு உள்ளே, 'எஸ்எஸ்எச்டி' கட்டளையை கேப்பிட்டல் 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால், எல்லா ஃபைலையும் கூட்டிக் கழித்துத் தான் கடைசியில் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடும். கான்ஃபிக் ஃபைலைப் படிப்பதை நான் விட்டுவிட்டேன், இதைத்தான் படிக்கிறேன். 'மேட்ச்' என்று யூசருக்கு யூசர் அமைப்பு மாற்றியிருந்தால், கேப்பிட்டல் 'சி' ஆப்ஷனில் யூசர் பெயரையும் கொடுத்துக் கேட்க வேண்டும். ஸ்மால் 'டி' வேறு. அது கான்ஃபிக்கில் பிழை இருக்கிறதா, சர்வரின் கீக்கள் சரியா என்று மட்டும் பார்க்கும். ரீஸ்டார்டுக்கு முன்னால் அதையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் ஒரு விண்டோவைத் திறந்தே வையுங்கள். சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆனாலும் அந்த இணைப்பு அறுபடாது. இதைத் தெரிந்துகொள்வதற்கு நான் கொடுத்த விலை, ஒரு ராத்திரி முழுக்க டேட்டா சென்டர்க்காரரின் கன்சோல் லிங்க்குக்காகக் காத்திருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பது இன்னும் சுலபம். வேறொரு மெஷினிலிருந்து எஸ்எஸ்எச் கிளையன்ட்டை, 'பிரிஃபர்ட்ஆதென்டிகேஷன்ஸ்' என்பதற்கு 'நன்' என்று கொடுத்து ஓட்டுங்கள். எந்த முறையிலும் முயலாமல் போய்க் கதவைத் தட்டும். சர்வர் 'பெர்மிஷன் டினைட்' என்று துரத்தும்போது, அடைப்புக்குறிக்குள் தான் எதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்று தானே சொல்லிவிடும். அங்கே 'பப்ளிக்கீ' என்று மட்டும் இருந்தால் நிம்மதி. பக்கத்தில் 'பாஸ்வேர்ட்' என்று இருந்தால், ஃபைலில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் கதவு திறந்திருக்கிறது. பல வருடமாக இந்த வரியை எர்ரர் என்று மட்டுமே பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படித்ததே இல்லை.

அந்த அடைப்புக்குறிக்குள் மூன்றாவதாக ஒன்றும் வரும்: 'கீபோர்ட்-இன்டராக்டிவ்'. பெயரைப் பார்த்தால் சாதுவாக இருக்கும். சர்வர் ஏதாவது கேள்வி கேட்கும், நாம் டைப் அடித்துப் பதில் சொல்வோம். அந்தக் கேள்வியை முடிவு செய்வது, பின்னால் இருந்து லாகினைச் சரிபார்க்கும் பேம் அடுக்கு. பேம் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வியே பாஸ்வேர்ட்தான்! ஆக, பாஸ்வேர்ட் லாகினை மூடிவிட்டு இதைத் திறந்து வைத்தால், அதே பாஸ்வேர்ட் வேறு வாசல் வழியாக வரும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ரொம்ப காலம் வழக்கமான அமைப்பே அப்படித்தான் இருந்தது.

2015 ஜூலையில் இந்த வாசலில் ஒரு விநோதமான ஓட்டை வெளியே வந்தது. ஒரு இணைப்புக்கு ஆறு தடவைதான் தப்பாக முயலலாம் என்று ஓப்பன்எஸ்எஸ்எச் கணக்கு வைத்திருக்கும். ஆனால் இந்த முறையில், எந்தெந்தக் கருவி வழியாகக் கேள்வி கேட்கலாம் என்று கிளையன்ட் ஒரு பட்டியல் அனுப்பலாம். 'பேம், பேம், பேம்' என்று ஒரே பெயரை ஆயிரக்கணக்கில் எழுதி அனுப்பினால், சர்வரும் சளைக்காமல் அத்தனை தடவை பாஸ்வேர்ட் கேட்டது. லாகினுக்குக் கொடுத்திருக்கும் இரண்டு நிமிடக் கெடு முடியும்வரை அடித்துத் தள்ளலாம். அடுத்த மாதம் வந்த 7.0 பதிப்பில் அடைத்தார்கள். எண்ணுவதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த ஆள் எண்ணுவது வேறு எதையோ.

2016இல் வெளியான இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. இல்லாத யூசர் பெயர் கொடுத்தாலும் சர்வர் ஒரு பொய் பாஸ்வேர்டோடு ஒப்பிட்டு நடிக்கும், 'அப்படி ஓர் ஆள் இல்லை' என்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் அந்தப் பொய் பாஸ்வேர்டின் ஹாஷ் (பாஸ்வேர்டைச் சேமிக்கும் உருமாற்றிய வடிவம்) ப்ளோஃபிஷ் வகை. நிஜ யூசர்களுடையது ஷா வகை. பத்து கிலோபைட்டுக்கு நீளமான பாஸ்வேர்டை அனுப்பினால், நிஜ யூசருக்குப் பதில் வரத் தாமதமாகும். அந்த நேர வித்தியாசத்திலேயே யார் உண்டு யார் இல்லை என்று பிரித்துவிடலாம். கள்ளத்தனமாக நடிப்பவனைக் கடிகாரம் வைத்துப் பிடித்த கதை. 'எஃப்டிபியூசர்', 'டெஸ்ட்', 'அட்மின்' என்று யூகிக்கச் சுலபமான பெயர்களை நான் வைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் ரகசியம் இல்லைதான், ஆனால் தட்டிலே வைத்து நீட்ட வேண்டியதும் இல்லை.

பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்ட சர்வர்களும் உண்டு. யுனிக்ஸின் லாகின் நிரலுக்கு 'எஃப்' என்று ஒரு ஆப்ஷன்: 'இவரை ஏற்கெனவே சரிபார்த்தாகிவிட்டது, பாஸ்வேர்ட் கேட்காதே' என்று அர்த்தம். 1994இல் ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் யுனிக்ஸில், யூசர் பெயருக்குப் பதிலாக '-எஃப்ரூட்' என்றே கொடுத்தால் லாகின் நிரல் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொண்டு நேராக ரூட்டாக உள்ளே விட்டது. பதின்மூன்று வருடம் கழித்து, 2007இல், சோலாரிஸ் 10 யுனிக்ஸின் டெல்நெட் (எஸ்எஸ்எச்சுக்கு முந்தைய லாகின் வழி) சர்வரில் அதே தவறு மறுபடியும். 2018இல் லிப்எஸ்எஸ்எச் என்ற நூலகத்தில் இன்னும் அநியாயம். 'லாகின் வெற்றி' என்று சர்வர் சொல்ல வேண்டிய செய்தியை கிளையன்ட்டே அனுப்பினால், சர்வர் அதை அப்படியே நம்பிவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எச் வேறு, லிப்எஸ்எஸ்எச் வேறு. பெயரைப் பார்த்துப் பதறிய கஸ்டமர்களுக்கு இதை விளக்கியே அந்த வாரம் போனது.

கீ போட்டுவிட்டால் கவலை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். டெபியன் லினக்ஸில் 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் இரண்டு வரியை நீக்கியதால், உருவாகும் கீக்களுக்கு ப்ராசஸ் எண்ணைத் தவிர வேறு தற்செயல் ஆதாரமே இல்லாமல் போனது. ஒவ்வொரு வகை மெஷினுக்கும், கீ அளவுக்கும் மொத்தம் 32,768 கீக்கள்தான் சாத்தியம். 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை ஊரெல்லாம் அந்தக் கொத்திலிருந்துதான் சாவி வாங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் அளவில் கீக்கு வந்த சோதனை வேறு மாதிரி. சம்பவத்துக்குப் பிறகு மெர்ச்சன்டைசர்களுக்குக் கீ செய்து, ஃபைல் அனுப்பும் வின்எஸ்சிபி நிரலில் எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தேன். "பாஸ்வேர்டே சுலபமுங்களே சார்" என்றார் ஒருவர். ஒரு வாரம் கழித்துப் போனால், ஆறு பேரும் ஒரே கீயை உபயோகிக்கிறார்கள். ஒருவர் ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். குரூப்பில் டையிங் யூனிட்காரர் இருவரும் இருந்தார்கள். திட்டி என்ன பயன்? ஆளுக்கு ஒரு கீ, ஒவ்வொன்றுக்கும் பாஸ்ஃப்ரேஸ், கீ வரியின் கடைசியில் ஆளின் பெயர் என்று மறுபடியும் செய்தோம். வேலையை விட்டுப் போனால் அந்த ஒரு வரியை எடுத்தால் போதும். அந்த யூசர்களுக்கு ஷெல்லும் (கட்டளை அடிக்கும் வசதி) கிடையாது; எஸ்எஃப்டிபி (ஃபைல் ஏற்றி இறக்குவது) மட்டும், அதுவும் ஒரே ஃபோல்டருக்குள் அடைத்து. அப்படி அடைக்கும் ஃபோல்டரின் உரிமையாளர் ரூட்டாகத்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுத அனுமதி இருக்கக் கூடாது. இல்லையென்றால் லாகின் ஆன மறுநொடி இணைப்பு அறுந்துபோகும். கிளையன்ட் பக்கம் ஒரு காரணமும் தெரியாது. அரை நாளைத் தின்ற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

2024 ஜூலை 1ஆம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 'ரெக்ரெஸ்எஸ்எச்இயன்' ஓட்டை வெளியே வந்தது. 2006இல் அடைத்த ஓட்டை, 8.5பி1 பதிப்பில் தவறிப்போய் மறுபடி திறந்துகொண்டது. அதே லாகின் கெடு முடியும் நொடியில்தான் சிக்கல். அப்டேட் செய்ய முடியாத இரண்டு மெஷின்களில், அவசரத்துக்குக் கெடுவைப் பூஜ்யம் ஆக்கினேன். தற்காலிகமாக அதைத்தான் செய்யச் சொன்னார்கள். காலையில் பார்த்தால் என்னாலேயே உள்ளே போக முடியவில்லை. பாட்கள் வந்து லாகின் செய்யாமல் உட்கார்ந்தே இருந்தன, எழுப்பிவிட ஆள் இல்லை, வாசல் நிரம்பிவிட்டது. அன்றைக்குத்தான் எல்லா மெஷினையும் வயர்கார்டு விபிஎன்னுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். இப்போது எஸ்எஸ்எச்சின் 22ஆம் போர்ட் வெளியுலகுக்குத் தெரிவதில்லை. வருடக்கணக்காகத் தள்ளிப்போட்ட வேலை, செய்து முடிக்க ஒரு மதியம் போதுமாக இருந்தது.

மாதம் ஒரு தடவை எல்லா கஸ்டமர் மெஷினையும் வெளியிலிருந்தும் விபிஎன்னுக்கு உள்ளேயிருந்தும் தட்டிப் பார்த்து, அடைப்புக்குறிக்குள் இருப்பதை எனக்கு அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. போன மாதம் அவிநாசிப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் மெஷினில் 'பப்ளிக்கீ'க்குப் பக்கத்தில் 'கீபோர்ட்-இன்டராக்டிவ்' புதிதாக முளைத்திருந்தது. அங்கே சிஸ்டம் பார்ப்பவரைக் கூப்பிட்டேன்.

"ஓடிபி போட்டமுங்க. ஆடிட்ல கேட்டாங்க. கீயும் வேணும், ஓடிபியும் வேணும்னு வெச்சிருக்கோம்."

ஆதென்டிகேஷன்மெத்தட்ஸ் வரியைப் படிக்கச் சொன்னேன். இரண்டு முறைகளுக்கு நடுவே கமா இருந்தால் இரண்டும் வேண்டும் என்று அர்த்தம். வெறும் இடைவெளி என்றால் ஏதாவது ஒன்று போதும். அவர் இடைவெளி விட்டிருந்தார். சரி, பேம் ஃபைலில் ஓடிபி வரியின் கடைசியில் 'நல்ஓகே' இருக்கிறதா என்று கேட்டேன். அது இருந்தால், ஓடிபி பதிவு செய்யாத யூசரிடம் ஓடிபி கேட்காமலேயே பேம் விட்டுவிடும், பாஸ்வேர்ட் மட்டும் போதும்.

"இருக்குதுங்க. ஆனா எல்லாருக்கும்தான் ஓடிபி போட்டாச்சுங்களே."

"எல்லாருக்குமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மொதலாளிக்கு மட்டும் போடலீங்க. அவருக்கு எதுக்குங்க தொந்தரவுன்னு விட்டுட்டேன்."